உறுதி தொலைந்தவர்கள் ஊருக்குப் போகுமுன்

1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியபோது அம்மா தூக்கி வந்த தகரப்பெட்டி வழியிலேயே தொலைந்தது. காணிக்கு உரிமை காட்டும் பத்திரங்களான உறுதிகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. உறுதி போனால் காணியும் போயிற்று என்றே அவர் கடைசிவரை நம்பினார். அது தவறு. உறுதி எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசு எழுதுவதில் ஒன்று காணிக்கு உரியவரிடம் இருக்கும், ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும், இன்னொன்றை மறுமாதம் 15ஆம் திகதிக்குள் அவர் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய நகல் பெறலாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் வெளிநாட்டிலிருந்து புறப்படுமுன்பே தேடி எடுங்கள்.

நகலோடு நின்றுவிடாதீர்கள். ஊரில் பலர் இன்றும் தோம்பு என்றே சொல்லும் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். காணி யாரிடமிருந்து யாருக்குப் போனது, ஈடு வைக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஒருவர் பதியாமல் விட்ட உறுதியை, அதே காணியைப் பிறகு விலை கொடுத்து வாங்கிப் பதிந்தவரின் உறுதி வென்றுவிடும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

என்னிடம் அந்த மூன்று விவரங்களும் இல்லை, பதிவேட்டின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் இல்லை. காணியின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. நாங்கள் கிணற்றடிக் காணி என்போம். பதினான்கு நாள் விடுமுறையில் நான்கு நாள் அந்தப் பெயரைத் தேடினேன். ஓரம் பொடிந்த ஏடுகள், மங்கிய மை, தலைக்கு மேலே மின்விசிறி. கிணற்றடி என்று எங்கள் ஊரில் ஒரு காணியும் பதிவாகியிருக்கவில்லை.

சின்னம்மாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வந்து இறங்கிய அன்றே, "அந்தக் காணியை என் மகளுக்கு எழுதிவிடு தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நகரில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வேறு வழியில்லாமல் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "உறுதியில் அது நாவலடி. உன் அம்மாவின் சீதனத்தில் பக்கத்துத் துண்டோடு சேர்த்து எழுதியது. நாலு பரப்பு, ஆறு குழி."

மறுநாள் காலையிலேயே பக்கம் கிடைத்தது.

மீள்குடியேறிய நாள் முதல் அந்த வளவுக்குக் கதிகால் நட்டு, ஓலை கட்டி, வேலி அடைத்தவர் சின்னம்மாதான். பத்தாண்டு தம் ஆட்சியில் வைத்திருந்ததைக் காட்டி, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணி தமக்கே என்று வழக்குக்குப் போகிறவர்கள் உண்டு. அவர் அதை நினைக்கவும் இல்லை, கேட்டுத்தான் பார்த்தார். உங்கள் காணியையும் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். பதிவகத்துக்குப் போகுமுன் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள், காணியின் பெயரையும் நான்கு எல்லைகளையும் கேட்டு எழுதுங்கள், அவர் கேட்பதையும் பொறுமையாகக் கேளுங்கள்.

இன்னொன்று. இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுக் குடிமக்கள் புதிதாகக் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பெற்றோர் வழி முதுசமாக வருவதை அது தடுக்காது.

அத்தாட்சிப் பிரதி கைக்கு வந்த மாலை சின்னம்மாவுக்கு எல்லைகளை வாசித்துக் காட்டினேன். "வடக்கு ஒழுங்கை" என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "அப்போது அது வாய்க்கால் தம்பி. நானும் உன் அம்மாவும் அதில்தான் கால் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம்."