மகளிர் தினச் சமையலா? பாத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

மார்ச் 8 வந்துவிட்டால் போதும், "இன்று அம்மாவுக்கு ஓய்வு, சமையல் எங்கள் பொறுப்பு" என்று அப்பாவும் பிள்ளைகளும் அடுக்களைக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பொழுது சாயும்போது பார்த்தால் அம்மாவுக்கு வழக்கத்தைவிட வேலை கூடியிருக்கும், மாதச் செலவுப் பணத்திலும் ஓட்டை விழுந்திருக்கும்.

சமையல் என்றால் அடுப்படியில் நிற்பது மட்டும்தான் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நாளைக்கு என்ன செய்வது என்று யோசிப்பது, துவரம்பருப்பு தீர்ந்துவிட்டதா என்று டப்பாவை ஆட்டிப் பார்ப்பது, உளுந்தை நேரத்துக்கு ஊறவைப்பது, அரைத்து முடித்ததும் கிரைண்டர் கல்லில் ஒட்டிய மாவை வழித்துக் கழுவுவது, அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது, எல்லாம் சமையல்தான். "கடுகு எந்த டப்பாவில்?", "உப்பு எவ்வளவு?" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு குரல் வந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சமைப்பது அம்மாதான். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த இடைவெளியை ஒரு பிரியாணி அடைத்துவிடாது.

கொண்டாட்டம் என்றதும் மட்டனும் பன்னீரும் முந்திரியுமாக வாங்கிக் குவிப்பது அடுத்த தவறு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. அவர்களுக்காகச் சமைப்பதாக இருந்தால் முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம், ஆளுக்கொரு முட்டை போதும். கீரை உருவ நேரமில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். முதல் நாள் இரவே கொத்தைத் துணியில் சுற்றி வைத்தால், காலையில் உதறியதும் பெரும்பாலான இலைகள் தாமாகவே உதிரும். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு காபி கொடுத்து உபசரிப்பது அந்தச் சத்து சேர்வதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

சிக்கனம் என்று வரும்போது முதலில் குறைவது யாருடைய தட்டு என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் ஐந்து பேர், முட்டை நான்கு என்றால், "எனக்கு முட்டை அவ்வளவாகப் பிடிக்காது" என்று சொல்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்குப் போகிறது, வாலும் தலையும் யாருக்கு மிஞ்சுகின்றன? "எனக்கு இது போதும்" என்பதை அப்படியே நம்பிவிடுவது மிகப் பழைய தவறு. ஐந்து தட்டையும் ஒரே நேரத்தில் வைத்து, குழம்பையும் கூட்டையும் முட்டையையும் பங்கிட்ட பிறகே எல்லாரும் உட்காருங்கள். கடைசியாகச் சாப்பிடுகிறவர் என்று ஒருவர் இருக்கும்வரை சட்டியின் அடிதான் அவருக்குக் கிடைக்கும்.

வெங்காயம் நறுக்க மகளை மட்டும் கூப்பிட்டு, மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு நடத்துகிற மகளிர் தினம் வேடிக்கைதான். புகைப்படம் எடுத்துப் போட்டுவிட்டு எச்சில் தட்டுகளைத் தொட்டியில் குவித்துவிட்டுப் போவதும் அதே வகை.

மார்ச் 9 அன்று என்ன செய்வதாக உத்தேசம்? வாரத்தில் இரண்டு இரவுச் சாப்பாட்டை, உதாரணமாகப் புதனும் சனியும், காய் வாங்குவதிலிருந்து அடுப்புத் துடைப்பதுவரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சாம்பாரில் உப்பு தூக்கலாகிவிடும். அதற்காக அம்மாவைக் கூப்பிட வேண்டாம். வெந்த பருப்பைக் கொஞ்சம் கடைந்து ஊற்றி, வெந்நீர் சேர்த்து ஒரு கொதி விடுங்கள்.