அந்தமானில் முதல் ஸ்நார்கெலிங்: நாள் குறிப்பது முதல் பவளத்தின் மேல் மிதப்பது வரை

அந்தமான் போகும் நம் ஊர்க்காரர்களில் நிறைய பேர் செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, ஒரு படகுச் சவாரி என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, முகம் கவிழ்ந்து மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்கெலிங்கும் பட்டியலில் இருக்கும்தான். ஆனால் ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி இழுத்த பக்கமெல்லாம் போய் வருகிற கொஞ்ச நேரம் மூச்சு விடுகிற பதற்றத்திலேயே கழிந்துவிடும். கீழே ஒரு ஊரே இருந்திருக்கும், பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வேலைகளை முன்கூட்டியே செய்தால் இது மாறும். பயண நாளை நிலவைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பவளத்திட்டுக்குப் போகுமுன் இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சுப் பழக வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட்டும் பக்கத்தில் ஒரு வழிகாட்டியும் இருந்தால் போதும்.

பெயர்களை மட்டும் முதலில் பார்த்துவிடலாம், டிக்கெட் போடும்போது குழப்பம் வரும். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த மூன்று இடங்களுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை.

படி 1: தினசரி காலண்டரை எடுங்கள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும், அப்புறம் கடல் கலங்கலாகும், ஃபெர்ரிகளும் ரத்தாகும். மாதம் வரைக்கும் எல்லோரும் சரியாகத்தான் பார்க்கிறார்கள். திதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகம், அந்தமான் பக்கம் அது சுமார் 2 மீட்டர் வரை போகும். அவ்வளவு தண்ணீர் சில மணி நேரத்தில் இடம் மாறுவதால் நீரோட்டம் இழுக்கும், மணலும் கிளம்பும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் குறைவு, கடல் அவ்வளவு அவசரப்படாது. முதல்முறை இறங்குபவருக்கு அஷ்டமிதான் நல்ல நாள்.

அமாவாசைப் பக்கம் வேறு இரண்டு விஷயங்கள் நன்றாக இருக்கும். வற்றம் ஆழமாக இறங்குவதால் நீல் தீவில் பாறைக் குட்டைகள் திறந்து கிடக்கும். இருட்டு முழுமையாக இருப்பதால் இரவில் கடல்நீர் ஒளிர்வதும் நன்றாகத் தெரியும்.

ஆகவே என் யோசனை இதுதான். தேய்பிறை அஷ்டமி வாக்கில் ஹேவ்லாக் போய்ச் சேருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஸ்நார்கெலிங். பிறகு நீல் தீவு. அமாவாசைக்கு முன்னோ பின்னோ ஊர் திரும்பிவிடலாம். தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு நிலவு நள்ளிரவு தாண்டித்தான் எழும் என்பதால் அந்த வாரம் முழுக்க முன்னிரவு இருட்டாகவே இருக்கும். வளர்பிறையில் போனால் இந்த வசதி கிடைக்காது, சாயங்காலமே நிலவு தலைக்கு மேல் நிற்கும்.

படி 2: பயணத்தை அடுக்குவது

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நேரடி விமானம் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் ஃபெர்ரியில் சுமார் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் அதைவிடக் கூடுதல். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்திக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். காற்று அடித்தால் ஃபெர்ரி நிற்கும், விமானம் உங்களுக்காக நிற்காது. காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா செய்வதாக இருந்தால் இந்த இடைவெளி கட்டாயம். ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், ஒரு முழு நாள் விட்டு விமானம் ஏறுவதே பாதுகாப்பு.

இன்னொன்று, கடிகாரத்தை நம்பாதீர்கள். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் நேரம் நம் நேரம்தான். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு 11 மணிக்குக் கிளம்பும் பழக்கம் இங்கே ஒத்துவராது. ஆறு, ஏழு மணிக்குள் வெளியே இருங்கள்.

படி 3: மாஸ்க் தேர்வு

முழு விடுமுறையும் இந்த ஒரு பொருளை நம்பி இருக்கிறது. வாடகைக்கு எடுத்தாலும் சரி, வாங்கினாலும் சரி, இப்படிச் சோதியுங்கள். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வையுங்கள். மூக்கால் மெதுவாகக் காற்றை உள்ளே இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். மாஸ்க் கீழே விழாமல் முகத்தைக் கவ்விக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. நழுவினால் வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் வரும், வேறு எடுங்கள்.

மீசை வைத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாஸ்க்கின் கீழ் விளிம்பு மீசைமேல்தான் உட்காரும், முடி வழியே தண்ணீர் கசியும். மீசையின் மேல் விளிம்பை ஒரு கோடு அளவுக்கு மழித்துவிடலாம். மனம் வராவிட்டால் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பெண்கள் நெற்றி முடி ஒன்றுகூட விளிம்புக்குள் சிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

கண்ணாடி போடுபவர்கள் மைனஸ் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று டைவ் கடையில் முதல் நாளே கேட்டு வையுங்கள். பவர் குறைவாக இருந்தால் சாதாரண மாஸ்க்கே போதும், தண்ணீருக்குள் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்.

இறங்கும் முன் உள்பக்கக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து, கடல்நீரில் ஒரு முறை அலசுங்கள். கூச்சமே வேண்டாம், வருடக்கணக்காக டைவ் செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இல்லாவிட்டால் இரண்டே நிமிடத்தில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது.

முழுக்கை நீச்சல் உடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மிதக்கும்போது முதுகுதான் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும், குளிர்ந்த தண்ணீரில் தோல் கருகுவது தெரியாது. உடை மறைக்கும் இடத்துக்கு சன்ஸ்கிரீன் தேவைப்படாது, அது பவளத்துக்கும் நல்லது.

படி 4: மூச்சுப் பழகுங்கள்

இதற்காக ஒரு காலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். நீல் தீவின் பரத்பூர் போலத் தண்ணீர் ஆழமில்லாமல் மணல் தரையாக இருக்கும் இடம் தோதானது. முதலில் ஹேவ்லாக் போகிறவர்கள் அங்கே விஜயநகர் பக்கம் பழகலாம், ஆனால் வற்றத்தில் கடல் வெகுதூரம் போய்விடும், பாறையும் கல்லும்தான் மிஞ்சும். ஏற்றத்தின்போது போங்கள்.

முதலில் கரையில் உட்கார்ந்தபடி மாஸ்க் மாட்டிக் குழாயைக் கடித்துக்கொள்ளுங்கள். பற்களுக்கு இடையே மெல்லப் பிடித்து உதடுகளால் மூடினால் போதும், இறுக்கிக் கடித்தால் தாடை வலிக்கும். வாயால் மட்டும் மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பதற்றத்தில் எல்லோரும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், விட மறந்துவிடுவார்கள். திணறலுக்கு அதுதான் காரணம்.

பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, குனிந்து முகத்தை மட்டும் வையுங்கள். முதல் சில மூச்சுக்கு உடம்பு ஒத்துழைக்காது, முகம் நனைந்ததும் மூச்சை அடக்கச் சொல்லும். தலையைத் தூக்காமல் நிதானமாக விடுங்கள். உங்கள் மூச்சு குழாயில் இரைவது காதில் கேட்கும். அந்தச் சத்தம் ஒரே சீராக வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்து இரண்டு சின்ன வித்தைகள். குழாயில் தண்ணீர் புகுந்தால் “தூ” என்று ஒரே ஊதலில் வெளியேற்றுவது. அதற்கு நுரையீரலில் எப்போதும் கொஞ்சம் காற்று மீதி வைத்திருக்க வேண்டும். மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுவது. தண்ணீர் கீழ் விளிம்பு வழியே போய்விடும். இரண்டையும் வேண்டுமென்றே தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுப் பழகுங்கள். ஆழத்தில் முதல்முறையாக நடக்கும்போது பயம் வரும், கரையோரம் பத்துத் தடவை செய்தவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

கடைசியாக மிதப்பு. கையை நீட்டி உடம்பைத் தளரவிட்டால் உப்புத் தண்ணீர் தானாகத் தாங்கும். கால் அடிப்பது இடுப்பிலிருந்து வர வேண்டும், முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்தால் களைப்புதான் மிஞ்சும்.

படி 5: பவளத்தின் மேல்

ஹேவ்லாக்கில் ஆரம்பக்காரர்களுக்கு எலிஃபன்ட் பீச். ஜெட்டியிலிருந்து படகில் போகலாம், ராதாநகர் சாலையில் இறங்கி உள்ளூர் வழிகாட்டியோடு காட்டு வழியே நடந்தும் போகலாம். படகில் போகிறவர்கள் முதல் நடையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்தால் மணல் கலங்கிவிடும். ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் இருக்கிற இடைவெளி சிறந்தது. நீரோட்டம் தணிந்திருக்கும், பவளத்துக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவே போதிய தண்ணீர் இருக்கும். ஏற்ற நேரத்தை விடுதியிலோ டைவ் கடையிலோ கேட்டால் சொல்வார்கள். தனியாக மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள்.

இறங்கியதும் நீந்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு இடத்தில் அசையாமல் மிதந்து பாருங்கள். பூப்போல விரிந்து, விரல்கள் மாதிரி ஆடும் கடல் சாமந்தி என்ற உயிரினம் தென்பட்டால் அதில் கோமாளி மீன் இருக்கிறதா என்று தேடுங்கள். விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் தன் வீட்டுக்கு அருகே யார் வந்தாலும் முன்னால் வந்து முறைத்துவிட்டு, சட்டென்று அந்த விரல்களுக்குள் மறைந்துகொள்ளும், மறுபடி வரும். மூச்சைச் சீராக்கிக் கேட்டால் “நறுக் நறுக்” என்று ஒரு சத்தம் வரும். கிளிமீன்கள் பவளப்பாறையை அலகால் சுரண்டித் தின்கிற சத்தம் அது. அவை அரைத்து வெளியேற்றுவதும் சேர்ந்துதான் இந்தத் தீவுகளின் வெண்மணல்.

சாம்பல் பூத்த, உடைந்த பவளமும் நிறையத் தெரியும். 2010இல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. உயிரோடு மிஞ்சியதும் பிறகு முளைத்ததும்தான் நாம் பார்ப்பது. பாறை மாதிரித் திரளும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், ஒரு கால் பட்டால் பல வருட வளர்ச்சி போகும். களைத்தால் மல்லாந்து படுங்கள், வழிகாட்டியின் வளையத்தைப் பிடியுங்கள். பவளத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள். கல் மீன், கடல் முள்ளெலி எல்லாம் அங்கேதான் இருக்கும் என்பதால் உங்கள் காலுக்கும் அது கெடுதல்.

முதலை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகரில் ஸ்நார்கெலிங் செய்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் முதலையால் உயிரிழந்தார். பயந்து ஒதுங்கத் தேவையில்லை, விதியை மீறாமல் இருந்தால் போதும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடம், ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டின் ஓரம், இவற்றில் இறங்க வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் எங்குமே வேண்டாம். உயிர்காப்பாளர் குறித்துவைத்த எல்லைக்குள் குளியுங்கள்.

படி 6: மீதி நாட்கள்

நீல் தீவில் இயற்கைப் பாலம் எனப்படும் பாறை வளைவுக்கு வற்றம் உச்சமாக இருக்கும் நேரத்தில் போங்கள், ஏற்றத்தில் போனால் நடக்கவே வழி இருக்காது. பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். குட்டைகளில் கடல் அட்டையும் சின்ன மீன்களும் மாட்டிக்கொண்டிருக்கும், தொடாமல் பாருங்கள்.

இருட்டிய பிறகு ஹேவ்லாக்கில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் அழைத்துப்போகிறார்கள். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னும், நுண்ணுயிரிகள் கலைந்தால் வரும் ஒளி அது. செல்போனில் சரியாக விழாது, கண்ணால் பாருங்கள்.

ஸ்கூபாவுக்கு வயது 10 ஆகியிருக்க வேண்டும். அறிமுக டைவில் 12 மீட்டருக்கு மேல் இறக்க மாட்டார்கள், பயிற்சியாளர் கூடவே இருப்பார். சளி பிடித்திருந்தால் போகாதீர்கள், காது அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

படி 7: மூட்டை கட்டும்போது

மாஸ்க்கை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், உப்போடு மடித்து வைத்தால் சிலிகான் வீணாகும். குழந்தைகளின் பைகளை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்து வரக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம், விமான நிலைய சோதனையில் மாட்டும். சங்கு, சிப்பிப் பொருட்கள் வாங்க ஆசை இருந்தால் போர்ட் பிளேரில் சாகரிகா என்ற அரசு எம்போரியம் இருக்கிறது. அங்கே வாங்கி, பில்லைக் கைப்பையில் எடுக்கத் தோதாக வைத்துக்கொள்ளுங்கள்.