லேண்ட்லைனில் டயல் டோன் வரவில்லையா?

புகார் கொடுப்பதற்கு முன், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரித்துப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போன், மோடம், ஃபேக்ஸ் என லைனில் இருக்கும் அத்தனையையும் கழற்றிவிடுங்கள். ஏதோ ஒரு அறையில் ரிசீவர் சரியாக உட்காராமல் இருந்தாலே எல்லா போனும் எங்கேஜ்டு ஆகிவிடும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துபோகும்.

பிறகு, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில், நன்றாக வேலை செய்யும் சாதாரண ஒயர் போன் ஒன்றை மட்டும் செருகுங்கள். கார்ட்லெஸ் வேண்டாம், அதன் பேட்டரியோ அடாப்டரோ குழப்பிவிடும். டோன் வந்தால் பழுது உள் ஒயரிங்கிலோ கழற்றிய கருவியிலோதான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் பழுதானது எது என்று தெரிந்துவிடும். வரவில்லை என்றால் மல்டிமீட்டரை (மின்னழுத்தம் அளக்கும் கருவி) டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு கம்பிகளிலும் பாருங்கள். போனை எடுக்காத நிலையில் சுமார் 48 வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் லைன் வெளியே அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி வரும், வெறும் கம்பியைத் தொடாதீர்கள்.

டோன் வந்தும் லைனில் கரகரப்பு கேட்டால், அதற்கு முக்கியக் காரணம் ஈரம். சாக்கெட்டைத் திறந்தால் திருகைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கும். அந்த முனையை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்குங்கள். ரிசீவரின் சுருள் ஒயரை ஆட்டும்போது மட்டும் சத்தம் வந்தால் ஒயரை மாற்றினால் போதும். ஏடிஎஸ்எல் இணைப்பில் (போன் லைனிலேயே வரும் இணையம்) ஸ்ப்ளிட்டர், அதாவது பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி, இல்லாவிட்டாலும் இரைச்சல் வரும்.

ஃபைபர் இணைப்பில் போன் மோடத்திலிருந்தே இயங்குவதால், முதலில் அதற்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.