எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கல்லூரிக்காக என்ன கேட்கலாம்? குமரி மாவட்ட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று 6 தொகுதிகளிலும் பெற்றோர் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்குவார்கள். "சீட்டுக்கு ஒரு லெட்டர்" என்பதுதான் கோரிக்கை. அந்த லெட்டருக்குச் சட்டப்படி எந்த வலுவும் இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரியில் எய்டட் (அரசு உதவியில் நடக்கும்) பாட இடங்கள் மதிப்பெண்ணையும் இனச்சுழற்சியையும் (இட ஒதுக்கீட்டு வரிசை) வைத்து நிரம்புகின்றன. சிறுபான்மை நிறுவனங்களுக்குத் தனி உரிமை உண்டு. கடிதத்தை நம்பிக் காத்திருப்பவர்கள் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். நடக்கும் பெரிய நஷ்டம் அதுதான். முதலில் நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுங்கள். பிறகு எம்.எல்.ஏ.வால் மட்டுமே முடிகிற காரியத்தைக் கேளுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வளாகத்தில் எய்டட், செல்ஃப் (சுயநிதி) என இரண்டு வகைப் பாடங்கள் நடக்கும். எய்டட் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருவதால் கட்டணம் குறைவு. செல்ஃப் பாடத்தின் செலவு முழுவதும் மாணவர் கட்டணத்தில்தான் ஓடுகிறது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் போன்ற பழைய கல்லூரிகளில் சேரும்போதும், "இந்தப் பாடம் எய்டடா, செல்ஃபா?" என்று கேட்டு, ஆண்டுக் கட்டண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் கேட்கப்படும் நன்கொடைக்கு 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடைத் தடைச் சட்டம் இடம் தரவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) 2018இல் அறிவித்திருக்கிறது. சரிபார்த்த உடனே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சான்றிதழ். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ரூ.60. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகரும். ஏதாவது ஒரு மேசையில் நின்றுவிடும். முதல் பட்டதாரிச் சான்றில் வரும் பொதுவான சிக்கல், அண்ணனோ அக்காளோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருப்பதை மறைத்து எழுதுவது. தெரியவந்தால் சலுகை ரத்தாகும். எல்லைப் பகுதியில் இன்னொன்றும் உண்டு: கேரளத்துப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றும் தேவைப்படும். எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கம் படித்த பிள்ளைகள் இதைக் கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள்.

மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு இது கிடைக்கும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்த மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் ஏராளம் என்பதால், தமிழ் வழியா ஆங்கில வழியா என்பது மாற்றுச் சான்றிதழில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கிடைத்தும் பணம் வரவில்லையென்றால் வங்கிக் கணக்கைக் கவனியுங்கள். கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பதும், மானியம் வந்து விழுவதற்கான ஆதார் இணைப்பும் ஒன்றல்ல. இரண்டாவது இணைப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்று கிளையில் கேளுங்கள். அம்மா, அப்பா இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தாலும் தடைபடும்.

இனி எம்.எல்.ஏ. அலுவலகம். ஒரு பக்க மனு போதும். மேலே மாணவர் பெயர், ஊர், தாலுகா, கைபேசி எண். அடுத்து விண்ணப்ப எண், போட்ட தேதி, இப்போது எந்த அலுவலகத்தில் எத்தனை நாளாக நிற்கிறது. அதன் கீழே ஒரே கோரிக்கை. ரசீது நகலை இணையுங்கள். "ஏழைக் குடும்பம், ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதினால் உதவியாளரால் யாருக்கும் போன் செய்ய முடியாது. எண்ணும் தேதியும் இருந்தால் தாசில்தார் அலுவலகத்துக்கு அன்றே பேசலாம். அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து எண் வாங்குங்கள். கல்விக் கடனை வங்கி இழுத்தடித்தால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு மனு போகட்டும், ரூ.4 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது.

பேருந்து கேட்பதும் நல்ல கோரிக்கை. பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்களின் குடியிருப்புகளிலிருந்தும், தூத்தூர், தேங்காப்பட்டணம் கரையிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குக் காலை 9 மணிக்குள் வகுப்புக்கு வந்து சேர்வதே பெரிய பாடு. எந்த நிறுத்தம், எத்தனை மாணவர், எந்த நேரம் என்று பட்டியலிட்டு, 30 பேராவது கையெழுத்திட்டு, கல்லூரி முதல்வரின் முத்திரையோடு கொடுங்கள். ஒரு நகல் நாகர்கோவில் ராணித்தோட்டத்துப் போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கு.

எல்லாவற்றிலும் முக்கியமானதைத்தான் யாரும் கேட்பதில்லை. எய்டட் ஆசிரியர் பணியிடம் காலியானால் அரசு அனுமதி வந்த பிறகே நிர்வாகம் நிரப்ப முடியும். அனுமதி தாமதமாகும்போது நிர்வாகம் தன் செலவில் ஆளைப் போடுகிறது. அந்தச் சுமை கடைசியில் கட்டணத்தில் ஏறும், அல்லது பாடமே நடக்காது. இதை அசைக்கச் சட்டமன்ற உறுப்பினரால் முடியும். சட்டமன்றத்தில் கேள்வி கொடுக்கலாம், உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கை (நிதி ஒதுக்கீட்டு) விவாதத்தில் பேசலாம், மனுக்கள் குழுவுக்கு அனுப்பலாம். மார்த்தாண்டத்தில் ஒரு மக்களவை உறுப்பினரின் பெயரையே தாங்கி நிற்கிறது நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி; அப்படிப்பட்ட மண்ணில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேள்விக்கான குறிப்பை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்: துறை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், காலிப் பணியிடங்கள், காலியான ஆண்டு. எம்.பி.யிடம் போனால் தொகுதி நிதியில் தனிநபர் கட்டணம் கேட்காதீர்கள், விதி அனுமதிக்காது. கட்டடம், நூலகம் போல நிலையான சொத்துக்கே அது. கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகளுக்குத் தனி நிபந்தனையும் உச்சவரம்பும் இருப்பதால் முன்மொழிவுக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலியிடக் கணக்கு கிடைக்காவிட்டால், திருநெல்வேலி கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதன் நகலோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போங்கள்.