கழன்றுபோன சாதனமும் டைம்அவுட்டும்: லினக்ஸ் பிசிஐஇ டிரைவர் எழுதுவோருக்கு

தண்டர்போல்ட் கேபிளை உருவினாலும் சரி, ஓடிக்கொண்டிருக்கும் என்விஎம்இ டிரைவை ஸ்லாட்டிலிருந்து இழுத்தாலும் சரி, கெர்னல் லாக்கில் பெரும்பாலும் முதலில் தெரிவது "டைம்அவுட்" என்ற வரிதான். அதை நம்பி டிரைவர் ரீசெட் செய்யப் பார்க்கும். ரீசெட்டும் டைம்அவுட் ஆகும், மறுபடி முயலும். இல்லாத வன்பொருளை மெதுவான வன்பொருளாக எண்ணுவதால் வரும் வினை இது. ஆகவே டைம்அவுட் வந்ததும் டிரைவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி: சாதனம் இன்னும் இருக்கிறதா?

எக்ஸ்86 கணினியில், கழன்றுபோன கார்டின் ரெஜிஸ்டரை ரீட்எல் (32 பிட் ரெஜிஸ்டரைப் படிக்கும் கெர்னல் ஃபங்ஷன்) மூலம் படித்தால் பிழை எதுவும் திரும்பாது. 32 பிட்டும் 1 ஆக ஓர் எண் (முழு-ஒன்று) வரும், அவ்வளவுதான். எழுதுவதெல்லாம் சுவடின்றிப் போய்விடும். இதனால் இருவகைத் தவறுகள் நேரும். "பிஸி" பிட் 0 ஆகட்டும் என்று காத்திருந்தால் அது ஒருநாளும் ஆகாது, கொடுத்த நேரம் முழுவதும் வீணாகும். "ரெடி" பிட் 1 ஆகட்டும் என்று காத்திருந்தால் முதல் வாசிப்பிலேயே வெற்றி கிடைத்துவிடும். இரண்டாவதுதான் கொடியது. இல்லாத கார்டு தயாராக இருப்பதாக நம்பி, அடுத்து படிக்கும் முழு-ஒன்று எண்ணை அர்ரே இண்டெக்ஸாகப் பயன்படுத்தினால் கெர்னல் நினைவகமே கெடும்.

எனவே, நிபந்தனை நிறைவேறும்வரை அல்லது நேரம் முடியும்வரை ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ரீட்எல்_போல்_டைம்அவுட்டுக்குக் கொடுக்கும் நிபந்தனையில், "அல்லது மதிப்பு முழு-ஒன்று" என்பதையும் சேருங்கள். லூப் உடனே முடியும். வெளியே வந்ததும், திரும்பிய எண் 0 (வெற்றி) ஆக இருந்தாலும், படித்த மதிப்பை முதலில் சோதியுங்கள். கெர்னல் 5.17 முதல் இதற்கென்றே பிசிஐ_பாசிபிள்_எரர் என்ற மேக்ரோ உண்டு. பெயரிலேயே "பாசிபிள்" இருப்பதைக் கவனியுங்கள்: சில ரெஜிஸ்டர்களில் முழு-ஒன்று நியாயமான மதிப்பாகவும் இருக்கலாம். எப்போதும் 0 ஆக இருக்கவேண்டிய பிட் உள்ள ரெஜிஸ்டரைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை. ரீசெட்டில் இருக்கும் கார்டும் இப்படியே பதில் தரும் என்பதால், ரீசெட் பாதையில் மட்டும் உடனே முடிவுகட்டாதீர்கள்.

சந்தேகம் வந்தால் உறுதிசெய்ய இரண்டு வழிகள். பிசிஐ_சேனல்_ஆஃப்லைன் நினைவகத்தில் உள்ள ஒரு நிலையை மட்டும் பார்க்கும், செலவே இல்லை. ஆனால் லிங்க் விழுந்த இன்டரப்ட்டை ஹாட்பிளக் டிரைவர் (ஓட்டத்தின்போது கார்டு சேர்வதையும் கழல்வதையும் கவனிப்பது) கையாண்ட பிறகுதான் அந்த நிலை மாறும், இடைப்பட்ட நேரத்தில் அது பழைய கதையையே சொல்லும். பிசிஐ_டிவைஸ்_ஈஸ்_பிரசென்ட் கான்ஃபிக் பகுதியில் (கார்டின் அடையாளமும் அமைப்புகளும் உள்ள ரெஜிஸ்டர்கள்) வெண்டார் ஐடியை, அதாவது தயாரிப்பு நிறுவனத்தின் எண்ணை, நேரே படிக்கும். முழு-ஒன்று எந்த நிறுவனத்துக்கும் வழங்கப்படாத ஐடி. கான்ஃபிக் வாசிப்பு மெதுவானது, அதை லூப்புக்குள் வைக்காதீர்கள்.

கார்டு இல்லை என்று தெரிந்தால் ஈநோடெவ் ("சாதனம் இல்லை" என்ற பிழைக் குறியீடு) திருப்புங்கள், ரீசெட் வேண்டாம். கார்டு இருந்தும் பதில் தரவில்லையென்றால் மட்டும் ஈடைம்டவுட் ("நேரம் முடிந்தது" என்ற குறியீடு), ரீசெட். வேலை முடிந்த செய்திக்காகக் காத்திருக்கும் வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட், நேரம் முடிந்தால் 0 தரும், இல்லையேல் மீதி ஜிஃபிகளை (கெர்னல் நேரத்தை எண்ணும் அலகு) தரும். எதிர்மறை எண் அதிலிருந்து வரவே வராது. "0-க்குக் கீழா" என்று சோதிக்கும் டிரைவர்கள் டைம்அவுட்டை வெற்றியாக எடுத்துக்கொள்கின்றன.

இன்டரப்ட் ஹேண்ட்லரிலும் இதே சோதனை வேண்டும். ஸ்டேட்டஸ் முழு-ஒன்று என்றால் ஐஆர்க்யூ_நன் ("இந்த இன்டரப்ட் என்னுடையதல்ல" என்ற பதில்) திருப்புங்கள். "ஸ்டேட்டஸ் 0 ஆகும்வரை சுற்று" என்று எழுதிய லூப் அங்கே முடிவதில்லை, அந்த சிபியூவே நின்றுபோகும்.

சாதனம் கழற்றப்படும்போது கெர்னல் அழைக்கும் ரிமூவ் ஃபங்ஷனில் வரிசை முக்கியம்:

1. "போய்விட்டது" கொடியை உயர்த்தி, புதிய கட்டளைகளை மறுத்துவிடுங்கள்.
2. காத்திருக்கும் கட்டளைகளை ஈநோடெவ் கொடுத்து எழுப்புங்கள்.
3. ரீசெட் வொர்க்கை (பின்னணியில் ஓடும் வேலை) கேன்சல்_வொர்க்_சிங்க் மூலம் நிறுத்துங்கள். டைமரும் வொர்க்கும் ஒன்றையொன்று மீண்டும் தூண்டுமானால், 6.2 முதல் உள்ள டைமர்_ஷட்டவுன்_சிங்க் பயன்படும்.
4. இன்டரப்ட்டை விடுவித்து, அதன் பிறகே நினைவகத்தை விடுவியுங்கள்.

இங்கே தாமதம் உங்கள் கார்டோடு நிற்காது. ஹாட்பிளக் டிரைவர் சாதனத்தைக் கழற்றும்போது கணினி முழுவதற்கும் பொதுவான ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருக்கிறது. ரிமூவில் 10 கட்டளைகள் ஒவ்வொன்றும் 5 வினாடி காத்திருந்தால், 50 வினாடிக்கு வேறெந்த பிசிஐ கார்டையும் சேர்க்கவோ கழற்றவோ முடியாது. அதற்காக "கியூவை நிறுத்து" என்ற கட்டளையை எப்போதும் தவிர்க்கக் கூடாது. முறைப்படி கழற்றும்போது கார்டு உயிரோடுதான் இருக்கிறது. டிஎம்ஏவை (கார்டு நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுதுவது) நிறுத்தாவிட்டால், விடுவித்த நினைவகத்தில் அது எழுதும்.

யுஎஸ்பியில் கதை சற்று வேறு. சாதனம் கழன்றதை ஹப் கவனிக்கும்வரை யுஆர்பி (யுஎஸ்பி தரவுக் கோரிக்கை) நிலை ஈப்ரோட்டோ, ஈஐஎல்செக், ஈடைம் என்ற பிழைக் குறியீடுகளாக வரும். அந்த வேளையில் உடனுக்குடன் மறுபடி சமர்ப்பித்தால் லாக் வெள்ளமாகும், சில மில்லிவினாடி இடைவெளி விடுங்கள். டிஸ்கனெக்டில் யுஎஸ்பி_பாய்சன்_யுஆர்பி அழைத்தால் மறுசமர்ப்பிப்பே நின்றுவிடும்.

சோதிக்கும்போது சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் கெர்னல் பகுதி) உள்ள "ரிமூவ்" கோப்பில் 1 எழுதினால் போதாது. அது முறைப்படி கழற்றுவது, ரெஜிஸ்டர்கள் ஒழுங்காகப் பதில் தரும். ஹாட்பிளக் வசதியுள்ள மேல் போர்ட்டின் லிங்க் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில், 0-இலிருந்து எண்ணி 4-ஆம் பிட்டை செட்பிசிஐ என்ற கட்டளை கொண்டு 1 ஆக்குங்கள். லிங்க் சட்டென விழும், கேபிளை உருவியதற்கு ஒப்பாகும். பூட் டிஸ்க் அந்த போர்ட்டின் கீழ் இல்லையென்று முதலில் பாருங்கள். கேசான் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிப்பது), லாக்டெப் (பூட்டுப் பிழைகளைக் கண்டுபிடிப்பது) இரண்டையும் இயக்கிய கெர்னலில், வாசிப்பும் எழுத்தும் ஓடிக்கொண்டிருக்கும்போதும், ரீசெட் நடந்துகொண்டிருக்கும்போதும், ப்ரோப் (டிரைவர் சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) பாதியில் இருக்கும்போதும் தனித்தனியே செய்து பாருங்கள்.