கார்பன் நானோகுழாய் கேத்தோடு நீண்ட நாள் உழைக்க: தொடக்கநிலைச் செய்முறை

சூடேற்றாமல், வலுவான மின்புலத்தின் இழுப்பால் மட்டுமே வெற்றிடத்தில் எலக்ட்ரான்களை உமிழும் எதிர்மின்வாய்தான் புல உமிழ்வுக் கேத்தோடு. மிக நுண்ணிய கார்பன் குழாய்களால் ஆன கார்பன் நானோகுழாய்க் கேத்தோடு பெரும்பாலும் ஒரே சீராகத் தேய்ந்து ஓய்வதில்லை. ஆயிரக்கணக்கான குழாய்களில் சற்று உயரமான, சற்றுக் கூர்மையான சில மட்டும் மின்னோட்டத்தின் பெரும்பங்கைச் சுமக்கின்றன. அவை சூடேறி எரியும். இல்லையென்றால் அடியோடு பிடுங்கிக்கொண்டு எதிரே உள்ள ஆனோடை (நேர்மின்வாயை) நோக்கிப் பாயும். அப்போது அடிக்கும் ஆர்க் (மின்பொறி) அக்கம்பக்கத்தையும் அழித்துவிடும்.

வெளியேற்று ஆற்றலை (ஓர் எலக்ட்ரான் பரப்பைவிட்டு வெளியேறத் தேவையான ஆற்றலை) 5 எலக்ட்ரான் வோல்ட், குழாய் நுனியிலுள்ள மின்புலத்தை நானோமீட்டருக்கு 5 வோல்ட் என்று, புலத்துக்கேற்ப உமிழ்வு மின்னோட்டத்தைத் தரும் ஃபௌலர்–நோர்தெய்ம் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். புலம் 10% கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ 5 மடங்காகிறது. நம்பகத்தன்மை என்பது இந்தச் சுமையைப் பல குழாய்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான்.

படி 1: வடிவமைப்பு

குழாய்களை அடர்ந்த புல்வெளி போல வளர்க்க வேண்டாம். நெருங்கி நிற்பவை ஒன்றின் புலத்தை மற்றொன்று மறைக்கும். ஓரத்தில் நிற்பவை மட்டுமே உமிழும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர் 1–2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழாய்க் கற்றைகளை 5 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வளர்த்தார்கள். தொடங்குபவருக்கும் அதுவே நல்ல அளவு. 100 மைக்ரோமீட்டர் விட்ட வட்டத்துக்குள் சுமார் 180 கற்றைகள் அடங்கும். உயரத்தை 5 மைக்ரோமீட்டர் அளவில் நிறுத்துங்கள். இடைவெளியைவிட உயரம் மிகவும் கூடினால் மறைப்பு திரும்ப வந்துவிடும்.

படி 2: வேர்ப்பிடிப்பு

மேலே சொன்ன புலத்தில் நுனியின் மேல் சுமார் 110 மெகாபாஸ்கல் இழுவிசை விழுகிறது. ஆகவே குறைந்த மின்தடையுள்ள சிலிக்கான் மேல் டைட்டானியம் படலம், அதன் மேல் குழாய் முளைக்க உதவும் சில நானோமீட்டர் இரும்புப் புள்ளிகள் என அமைத்து, எத்திலீன்–ஹைட்ரஜன் வாயுவில் குழாய்களை நேரடியாக வளர்க்கவும். சூடேற்றும் நேரத்தை நீட்டினால் இரும்பு டைட்டானியத்துக்குள் கரைந்துபோகும், குழாய் முளைக்காது. இரண்டு வாயுக்களும் தீப்பிடிப்பவை. கசிவுச் சோதனையும் வெளியேற்றக் குழாயும் இல்லாமல் உலையைத் தொடவே வேண்டாம்.

படி 3: தொடர் மின்தடை

பலர் அலட்சியம் செய்வது இதைத்தான். ஆனோடு இடைவெளி 200 மைக்ரோமீட்டர், அந்த இடைவெளியில் சராசரிப் புலம் (நுனியில் இது பல மடங்காகும்) மைக்ரோமீட்டருக்கு 4 வோல்ட் என்றால் 800 வோல்ட் தேவை. 100 மைக்ரோஆம்பியர் இலக்குக்கு 1 மெகாஓம் மின்தடையைத் தொடரில் இணையுங்கள். அதில் 100 வோல்ட் இறங்கும், ஆகவே மூலத்தில் 900 வோல்ட் வேண்டும். முழுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் மின்னோட்டம் 0.9 மில்லிஆம்பியரைத் தாண்டாது. மின்தடையை 2 வாட், 1 கிலோவோல்ட்டுக்கு மேல் தாங்கும் வகையாக வாங்கவும்.

மின்தடையை மின்வழங்கியின் பக்கம் வைத்தால் பாதிப் பயன் போய்விடும். ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளின் மின்தேக்குத்திறன் சுமார் 100 பிக்கோஃபாரட். 800 வோல்ட்டில் அதில் தேங்கும் 32 மைக்ரோஜூல் முழுதும் ஆர்க்கில் ஒரே நொடிப்பொழுதில் கொட்டும். ஒரு கற்றையை அழிக்க அது தாராளம். அதனால் மின்தடை கேத்தோடுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும்.

இன்னொன்று: இந்தப் பொது மின்தடை மொத்த மின்னோட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். கற்றைகளுக்கிடையே சமன் செய்ய ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை, அதாவது அடியில் ஒரு மின்தடைப் படலம், வேண்டும்.

படி 4: வெற்றிடம்

அறையின் இணைப்புகளுக்கு ரப்பர் வளையம் வேண்டாம், செம்பு கேஸ்கெட் (அடைப்பு வளையம்) போடுங்கள். அறையை 150–200 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் சுட்டு, 10⁻⁷ டார் (அழுத்த அலகு) அல்லது அதற்குக் கீழே கொண்டுவரவும். ஆக்சிஜனும் நீராவியும் உமிழும் நுனியை அரித்துவிடும். ஹைட்ரஜன் அவ்வளவு தீங்கு செய்வதில்லை.

படி 5: பதப்படுத்தல்

அவசரப்படக் கூடாத கட்டம் இது. 10–20 வோல்ட்டாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் மின்னோட்டம் அடங்கும்வரை காத்திருங்கள். முதலில் மின்னோட்டம் கூடுதலாகக் காட்டிவிட்டு இறங்கும். அது கெடுதலின் அடையாளம் அல்ல. நுனியில் ஒட்டியிருந்த வாயு மூலக்கூறுகள் விலகுகின்றன. அழுத்தமானி துள்ளினால் ஆனோடு வாயுவை விடுகிறது என்று பொருள்: உடனே மின்னழுத்தத்தை இறக்கி, குறுகிய துடிப்புகளாக ஓட்டுங்கள். அந்த வாயு அயனியானால் கேத்தோடைத் தாக்கும்.

இயக்க அளவுக்கு 20–30% மேல்வரை மின்னோட்டத்தை மெதுவாகக் கொண்டுபோனால், துருத்தி நிற்கும் குழாய்கள் சிறுகச் சிறுக எரிந்து மட்டமாகும். பிறகு 100 மைக்ரோஆம்பியருக்கு இறக்கிவிடுங்கள். சராசரியாகக் கற்றைக்கு 0.6 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு.

கண்காணிப்பு

மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் இருமடியால் வகுத்து மடக்கை எடுத்து, 1/மின்னழுத்தத்துக்கு எதிராக வரையுங்கள். மின்தடையில் இறங்கியதைக் கழித்த மின்னழுத்தத்தையே பயன்படுத்தவும். கோடு நேராக வர வேண்டும். நாளடைவில் சரிவு செங்குத்தானால் நுனிகள் மழுங்குகின்றன. சரிவு மாறாமல் கோடு மட்டும் கீழிறங்கினால் உமிழும் இடங்களின் எண்ணிக்கை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்; வேர்ப்பிடிப்பைச் சந்தேகியுங்கள்.

அறையைத் திறப்பதற்கு முன் உயர் மின்னழுத்தத்தை அணைத்து, கேபிளைத் தரையிணைப்பில் தொட்டு வடித்து, உலர் நைட்ரஜனால் நிரப்புங்கள். ஒருமுறை காற்று பட்ட கேத்தோடைப் பழைய மின்னழுத்தத்தில் நேராக ஓட்டாமல், படி 5-ஐ மீண்டும் கீழிருந்து தொடங்குங்கள்.