25 வருடம் கழித்து ஒரு பேட்ச் கூடுவதற்கு

கல்லூரி பேட்ச் சந்திப்பு என்றதும் ஹால், சாப்பாடு, டி-ஷர்ட் கலர் என்று பேச்சு தொடங்கிவிடும். அதெல்லாம் கடைசி இரண்டு மாத வேலை. எட்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டியது ஆள் தேடுவதும் பழைய நினைவுகளைத் திரட்டுவதும்தான். இந்த இரண்டையும் விழா நாளன்று செய்ய முடியாது.

பெயர்ப் பட்டியலை நினைவிலிருந்து எழுதாதீர்கள். எழுதுபவரின் நண்பர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். கல்லூரித் தேர்வுப் பிரிவில் இருக்கும் இறுதியாண்டுப் பெயர்ப் பட்டியலை, துறைத்தலைவர் மூலம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பொறியியல் கல்லூரி என்றால் முதலாண்டுப் பட்டியல் போதாது. டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். பாதியில் படிப்பை விட்டவர்களும், அரியர் முடித்து இரண்டு வருடம் கழித்துப் பட்டம் வாங்கியவர்களும் இறுதிப் பட்டியலில் விடுபட்டிருக்கலாம். அவர்களும் உங்கள் பேட்ச்தான். அழைப்பை முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். "நம்மை யார் கூப்பிடுவார்கள்" என்று ஒதுங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

பெண்களைக் கண்டுபிடிப்பது தனி வேலை. திருமணத்துக்குப் பிறகு தந்தையின் இனிஷியல் போய்க் கணவர் பெயர் சேர்ந்திருக்கும், ஃபேஸ்புக்கில் பழைய பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. அறைத்தோழிகள் மூலம்தான் போக வேண்டும். இன்னொரு வழி, கடைசி மாதத்தில் எல்லோரும் எழுதி வாங்கிய ஆட்டோகிராஃப் நோட்டு. அதில் பின்கோடோடு வீட்டு முகவரி இருக்கும். பெற்றோர் இன்னும் அந்த வீட்டில் இருந்தால் ஒரு அஞ்சலட்டையிலேயே ஆள் கிடைத்துவிடுவார். எண் கிடைத்ததும் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். இறந்துபோனவர்களின் விவரத்தையும் இந்தக் கட்டத்திலேயே இரண்டு பேரிடம் உறுதி செய்துவிடுங்கள். விழா மேடையில் பெயரைக் கூப்பிட்ட பிறகு யாரோ கீழிருந்து சொல்லும் நிலை வரக்கூடாது.

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், எந்த பேட்சுக்கும் அது போதும். ஆனால் இரண்டு குழு வேண்டும். ஒன்றில் அட்மின் மட்டும் அறிவிப்பு போடுவார், மற்றதில் அரட்டை. ஒரே குழுவாக வைத்தால் குட் மார்னிங் படங்களுக்கும் அரசியல் ஃபார்வர்டுகளுக்கும் அடியில் பணம் கட்ட வேண்டிய தேதி புதைந்துபோகும்.

தேதிக்கு எங்கள் பரிந்துரை, ஆடி மாதத்து ஒரு ஞாயிறு. முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் சமையல்காரரும் கிடைப்பார்கள், விலையும் பேசலாம். அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் பள்ளி விடுமுறை அப்போதுதான், குடும்பத்தோடு ஊருக்கு வந்திருப்பார்கள். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் விமானக் கட்டணம் ஏறிவிடும். பிப்ரவரி, மார்ச் வேண்டவே வேண்டாம், பாதிப் பேர் வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும். தேதியை நான்கு மாதம் முன்பே அறிவியுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அன்று காலை 8 மணிக்கு எல்லோருக்கும் நினைவூட்டுங்கள். முதலில் தீருவது ஞாயிறு இரவு சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்பும் ரயில்கள்.

பணக் கணக்கில் வழக்கமாகச் சறுக்குவது ஒரே இடத்தில். "வருகிறேன்" என்றவர்களின் எண்ணிக்கையால் மொத்தச் செலவை வகுத்துவிடுகிறார்கள். செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒலிபெருக்கி, படப்பிடிப்பு, பேனர், ஆசிரியர்களுக்கு கார், பொன்னாடை எல்லாம் எத்தனை பேர் வந்தாலும் மாறாது. சாப்பாடும் நினைவுப் பரிசும் தலைக்கு இவ்வளவு. உதாரணத்துக்கு, மாறாச் செலவு 90,000 ரூபாய், தலைக்கு 900, வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 120 பேர் என்று வையுங்கள். 120 பேரும் கட்டினால் ஆளுக்கு 1,650 போதும். 80 பேர்தான் கட்டினார்கள் என்றால் 2,025 வேண்டும். இரண்டாவது தொகையை வசூலியுங்கள். மிஞ்சினால் திருப்பித் தரலாம், குறைந்தால் நடத்துபவர் கையைக் கடிக்கும். பணம் கட்டியவர் மட்டுமே கணக்கில் வருவார். சமையல்காரருக்கு இறுதி இலைக் கணக்கை மூன்று நாள் முன்பு சொல்லிவிடுங்கள். டிரைவர்களையும் கேமராக்காரர்களையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்.

கல்லூரிக்கு நன்கொடை திரட்டும் எண்ணம் இருந்தால் அதை விழா வசூலோடு கலக்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக்கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதற்கு இந்தத் தடை இல்லை.

இனி நினைவுகள். "மறக்க முடியாத அனுபவத்தைப் பகிருங்கள்" என்று குழுவில் போட்டால் "எல்லாமே மறக்க முடியாதவை" என்றுதான் பதில் வரும். கேள்வி சின்னதாக, பதில் ஒரு வரியில் அடங்குவதாக இருக்க வேண்டும். ஹாஸ்டலில் முதல் அறை எண் என்ன? ஞாயிறு மதியம் மெஸ்ஸில் என்ன? முதல் அரியர் எந்தப் பேப்பரில்? காலை எந்த பஸ், எந்த நிறுத்தம்? வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். ஒருவர் பதில் சொன்னால் இன்னொருவர் திருத்துவார், அங்கேதான் கதை கிளம்பும். ஹாஸ்டல்காரர்கள் பேச ஆரம்பித்தால் டே ஸ்காலர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அதனால்தான் பஸ் கேள்வி. மாலை ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டியிருந்த பெண்கள் பார்த்த கல்லூரியே வேறு. அவர்களின் கேள்விகளை ஒரு பெண் கேட்கட்டும், தனிக் குழுவில். எழுதச் சோம்பல் படுபவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும், ஒருவர் தட்டச்சு செய்தால் போயிற்று.

நினைவு மலர் அச்சிடுவதாக இருந்தால் பழைய புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள். அது சுருக்கிவிடும், அச்சில் கொச கொசவென்று வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 6-க்கு 4 அங்குலப் பிரிண்டை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 3600-க்கு 2400 பிக்சல் கிடைக்கும், முழுப் பக்கத்துக்கும் தாங்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் மேற்பூச்சு கையோடு வந்துவிடும். பக்கத்தோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். அச்சிடும் முன், பெயர் வருகிற ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய வரியைக் காட்டுங்கள். பழைய காதல், ஜாதியையோ உடம்பையோ வைத்த பட்டப்பெயர், ராகிங் கதை மூன்றையும் விட்டுவிடலாம். ராகிங் செய்தவருக்குத்தான் அது வேடிக்கை.

விழா நாளில் ஆசிரியர்கள் முதலில். பலர் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். வீட்டுக்குப் போய் நேரில் அழைத்து, அன்று கார் அனுப்பி, கூடவே ஒரு பழைய மாணவரை உட்கார வையுங்கள். தரைத்தளம், கைப்பிடி உள்ள கழிப்பறை, பக்கத்தில் மின்விசிறி. பொன்னாடையெல்லாம் முதல் முக்கால் மணி நேரத்தில் முடியட்டும்.

குரூப் போட்டோ மதியச் சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்டதும் ஊர் தூரம் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். வேப்பமரத்தடி அழகாகத் தெரியும், ஆனால் இலை இடுக்கு வெயில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழும். கட்டட நிழல் விழும் படிக்கட்டே நல்லது. 80 பேர் என்றால் நான்கு வரிசை, பத்து மீட்டர் அகலம்.

மைக்கை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே 80 பேருக்கு நான்கு மணி நேரம், மூன்று நிமிடத்தில் நிறுத்துபவரும் யாருமில்லை. மேடையில் ஐந்தாறு பேர் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் நிகழ்ச்சியே வேண்டாம், டிஜேயும் வேண்டாம். பழைய வகுப்பறையையும் ஹாஸ்டல் வராந்தாவையும் திறந்து வைக்கச் சொல்லி அனுமதி வாங்குங்கள். பெயர் அட்டையை இரு பக்கமும் அச்சிடுங்கள், கயிற்றில் தொங்குவது எப்போதும் திரும்பியே நிற்கும். பெயர் பெரிய எழுத்தில், பக்கத்தில் இறுதியாண்டுப் படம். முடி போன பிறகு அடையாளத்துக்கு அதுதான் கதி.

வரவு செலவை ஒரு வாரத்துக்குள் குழுவில் போட்டுவிடுங்கள். படங்களையும் வீடியோவையும் ஒருவருடைய இலவச கூகுள் கணக்கில் ஏற்றாதீர்கள்; 15 ஜிபி நிறைந்ததும் அவருக்கு மெயில் வருவதே நின்றுவிடும். ஆறு மாதத்துக்குக் கட்டண இடம் வாங்கி லிங்க் கொடுங்கள், மூலப் பிரதியை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். ஸ்கேனுக்கு வாங்கிய ஆல்பங்களை அன்றே, கையெழுத்து வாங்கிக்கொண்டு, உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.